ஆர்டர் லேட்டாகுதா? புது மிஷின் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க

ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட்னாலே பெரிய ஃபேக்டரிக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு நிறைய பேர் ஒதுங்கிடறாங்க. ஆர்டர் உள்ள வந்ததுல இருந்து கஸ்டமர் கைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நடுவுல நடக்கிறது எல்லாமே ஆபரேஷன்ஸ் தாங்க, நாலு பேர் வேலை செய்ற இடத்துலயும் அது இருக்கு, அங்க தான் அதை ஒழுங்கு பண்றது ரொம்ப அவசியமும் கூட, ஏன்னா அங்க வீணாப் போற ஒவ்வொரு மணி நேரமும் நேரா முதலாளி கையைக் கடிக்கும்.

முதல்ல ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கங்க. இன்னைக்கு வந்த ஒரே ஒரு ஆர்டர் பின்னாடியே போங்க. எந்த டேபிளுக்கு எத்தனை மணிக்கு வந்துச்சு, எப்ப கை வெச்சாங்க, எப்ப முடிஞ்சுது, இந்த மூணையும் எழுதுங்க. யார்கிட்டயும் கேட்டு எழுதாதீங்க, கேட்டா எல்லாரும் "உடனே முடிச்சிடுவோம்"னு தான் சொல்வாங்க, பொய் சொல்றாங்கன்னு இல்ல, அவங்க மனசுல இருக்கறது அவங்க வேலை செஞ்ச நேரம் மட்டும் தான். கடைசில ரெண்டு கூட்டல் போடுங்க: கை வெச்ச நேரம் எவ்வளவு, சும்மா கிடந்த நேரம் எவ்வளவு. பெரும்பாலான இடத்துல சும்மா கிடந்தது தான் பல மடங்கு இருக்கும். அப்ப ஆளுங்களை "சீக்கிரம் சீக்கிரம்"னு விரட்டி என்ன ஆகப் போகுது சொல்லுங்க, கை வேகமாத் தான் இருக்கு, பொருள் தான் வரிசையில உக்காந்திருக்கு.

அது எங்க உக்காருதுன்னு கண்டுபிடிக்கிறது தான் அடுத்த வேலை, என்னைக் கேட்டா இந்த ஒண்ணு தெரிஞ்சாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி. பை தைக்கிற ஒரு யூனிட்னு வெச்சுக்கங்க. கட்டிங்ல மணிக்கு 40 பை, தையல்ல 12, செக்கிங்ல 20, பேக்கிங்ல 30. இந்த யூனிட் மணிக்கு எத்தனை பை வெளிய அனுப்பும்? 12 தான். கட்டிங்க்கு இன்னொரு மிஷின் வாங்கிப் போட்டாலும் அதே 12 தான், தையல் முன்னாடி இருக்கற குவியல் மட்டும் பெருசாகும். இதைத் தான் பாட்டில்நெக்னு சொல்றாங்க. கட்டிங்ல ஒரு மணி நேரம் மிச்சம் பண்ணா லாபம் எதுவும் இல்ல, தையல்ல ஒரு மணி நேரம் நின்னா மொத்த யூனிட்டுக்கும் 12 பை போச்சு, அது திரும்ப வராது.

அதனால செலவு பண்றதுக்கு முன்னாடி அந்த இடத்தை நிக்க விடாம பாத்துக்கங்க. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் ஒண்ணா எழுந்து போகாம அங்க மட்டும் மாத்தி மாத்திப் போகட்டும். கிழிஞ்ச துணி, தப்பா வெட்டுனது எல்லாம் தையலுக்கு முன்னாடியே பாத்து எடுத்துடுங்க, தைச்சதுக்கு அப்புறம் தூக்கிப் போட்டா அந்த அஞ்சு நிமிஷம் போச்சு. நூல் கலர் மாத்த மிஷினை நிறுத்துறீங்கன்னா, அடுத்த கலர் நூல், பாபின், ஊசி எல்லாம் மிஷின் ஓடிட்டு இருக்கும்போதே பக்கத்துல ரெடியா இருக்கணும். ஷிகியோ ஷிங்கோன்னு ஒரு ஜப்பானிய இன்ஜினியர் இதையே ஒரு முறையா வகுத்தார், மிஷின் ஓடும்போது செய்யக்கூடியது எது, நிறுத்தினா தான் செய்ய முடியறது எதுன்னு பிரிச்சு, முடிஞ்ச வரைக்கும் முதல் பக்கத்துக்குத் தள்ளிடறது.

அடுத்து, உள்ள கிடக்கிற வேலையை எண்ணுங்க. ஜான் லிட்டில்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1961ல நிரூபிச்ச ஒரு கணக்கு இருக்கு, ரொம்ப எளிமை: வரத்தும் போக்கும் ஓரளவு சீரா இருந்தா, உள்ள கிடக்கிற எண்ணிக்கையை மணிக்கு வெளிய போற எண்ணிக்கையால வகுத்தா ஒரு பை உள்ள இருக்கற சராசரி நேரம் வந்துடும். உள்ள 120 பை கிடக்குது, மணிக்கு 12 வெளிய போகுதுன்னா 10 மணி நேரம். கட்டிங்கை கொஞ்சம் பொறுத்து வெட்டச் சொல்லி 48 பையா குறைச்சா 4 மணி நேரம், ஒரு ஆள் கூட சேர்க்கல, யாரையும் விரட்டல. கட்டிங் ஆள் சும்மா நிக்கிறாரேன்னு மனசு கேக்காது, அவரை செக்கிங்க்கு ஒத்தாசைக்கு அனுப்புங்க, மேல மேல வெட்டிக் குவிக்க மட்டும் விடாதீங்க.

எல்லாரும் 100 சதவீதம் பிஸியா இருக்கணும்ங்கற ஆசையும் ஆபத்து தான். எப்ப வரும், எவ்வளவு நேரம் இழுக்கும்னு சொல்ல முடியாத வேலைங்களை ஒரே ஆள் பாக்கறாருன்னு வைங்க, ஒரு வேலைக்கு சராசரியா அரை மணி நேரம். அவர் 80 சதவீத நேரம் பிஸியா இருந்தா புதுசா வர்ற வேலை சராசரியா 2 மணி நேரம் காத்திருக்கும், 90ன்னா 4½ மணி நேரம், 95ன்னா 9½ மணி நேரம். கடைசி அஞ்சு சதவீதத்துக்கு எவ்வளவு விலை பாருங்க! கஸ்டமர் அடிக்கடி கூப்பிட்டு "எங்க என் ஆர்டர்"னு கேக்கறதுக்கு காரணம் பல நேரம் இது தான்.

ஸ்டாக் விஷயத்துக்கு ரெண்டு கணக்கு போதும். எப்ப ஆர்டர் போடணும்? ஒரு நாளைக்கு சராசரி 50 ஜிப், வந்து சேர 6 நாள், அப்ப 300. ஆனா மோசமான நாள்ல 60 ஜிப் ஓடும், சப்ளையர் 8 நாள் இழுப்பார்னா 480. ஜிப் 480க்கு இறங்கினதுமே போட்டுடுங்க, அந்த 180 உங்களோட பாதுகாப்பு. எவ்வளவு போடணும்ங்கறதுக்கு 1913லயே ஃபோர்டு ஹாரிஸ்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் ஒரு சூத்திரம் குடுத்துட்டார், ஆர்டர் போடற செலவையும் வெச்சுக் காக்கிற செலவையும் எடை போடறது அது. இதுல ரொம்ப துல்லியம் வேணும்னு தலையை உடைச்சுக்காதீங்க, அந்தக் கணக்கு சொல்றதை விட ஒன்றரை மடங்கு போட்டாலும் அந்த ரெண்டு செலவும் சேர்ந்து சுமார் 8 சதவீதம் தான் கூடும்.

தப்பு வந்தா ஆளைத் தேடாதீங்க, காரணத்தைத் தேடுங்க. டொயோட்டா கார் கம்பெனியில உற்பத்தி முறையை வகுத்த டாயிச்சி ஓனோ "ஏன்னு அஞ்சு தடவை கேளு"ம்பார். தையல் கோணல், ஏன்? துணி நழுவுது. ஏன்? துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட் தேஞ்சிருக்கு. ஏன்? மாத்தவே இல்ல. ஏன்? எப்ப மாத்தணும்னு எங்கயும் எழுதி வெக்கல. நாலாவது கேள்விலயே விஷயம் வந்துடுச்சு, தைச்சவரைத் திட்டியிருந்தா நாளைக்கும் கோணல் தான்.

இதெல்லாம் பண்ணி இன்னொரு டெய்லரையும் போட்டு தையல் மணிக்கு 24க்கு வந்துடுச்சுன்னு வைங்க. அப்பவும் வெளிய போறது 24 இல்ல, 20 தான், ஏன்னா இப்ப இடிக்கிறது செக்கிங். நோட்டை எடுத்துக்கிட்டு இன்னொரு ஆர்டர் பின்னாடி நடங்க.