சுவத்துல சும்மா கிடக்கற நெட் சாக்கெட்டை வேலை செய்ய வைக்கறது எப்படி

வீட்டு சுவத்துல நெட் சாக்கெட் இருக்கறதைப் பாத்ததும் எல்லாரும் பண்ற முதல் காரியம், லேப்டாப்பை எடுத்துட்டு வந்து அதுல சொருகிப் பாக்கறது. ஒண்ணும் வராது. உடனே சாக்கெட் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கப் போயிடறாங்க. அவசரப்படாதீங்க. ப்ளக் பாயிண்ட்ல கரண்ட் எப்பவும் இருக்கற மாதிரி இந்த சாக்கெட்ல நெட் எப்பவும் இருக்காது, இது வெறும் ஒயரோட ஒரு முனை, இன்னொரு முனை வீட்டுக்குள்ள வேற எங்கயோ இருக்கு, அங்க எதையாவது மாட்டினாதான் இங்க ஏதாவது வரும். அந்த இன்னொரு முனையைக் கண்டுபிடிச்சீங்கன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

மொதல்ல சாக்கெட்டை நல்லா பாருங்க. உள்ள 8 பின் தெரிஞ்சு வாய் அகலமா இருந்தா அது ஆர்ஜே45, நெட்டுக்கானது. வாய் சின்னதா 2 இல்லன்னா 4 பின்தான் தெரியுதுன்னா அது போன் சாக்கெட், ஆர்ஜே11. போன் சாக்கெட்னா உடனே கைய விட்டுடாதீங்க, ஸ்க்ரூவைக் கழட்டி பின்னாடி பாருங்க, ஏன்னா போனுக்குன்னே கேட் 5ஈ கேபிளை (ரெண்டு ரெண்டா முறுக்கின 4 ஜோடி ஒயர் இருக்கற நெட் கேபிள் வகை) இழுத்து அதுல ஒரே ஒரு ஜோடியை மட்டும் மாட்டிட்டு மிச்ச மூணு ஜோடியை சுருட்டி உள்ள தள்ளியிருக்கற வீடு நிறைய. கேபிள் மேல தோல்லயே வகை அச்சடிச்சிருக்கும். கேட் 5ஈ இருந்தா 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிகாபிட் (1000 மெகாபிட்) தாராளமா போகும், 2016ல வந்த ஸ்டாண்டர்டுபடி 2.5 ஜிகாபிட்டும் அதே கேபிள்ல போகும். கேட் 6ல 10 ஜிகாபிட் சுமார் 55 மீட்டர் வரைக்கும், கேட் 6ஏ-ல 100 மீட்டர் வரைக்கும். வீட்டுக்கு இதுக்கு மேல யோசிக்கத் தேவையே இல்ல, கேட் 5ஈ கிடைச்சா சந்தோஷமா வேலையை ஆரம்பிங்க. முறுக்கே இல்லாத 4 ஒயர் போன் கேபிள்தான் இருக்குன்னா அதை நம்பாதீங்க.

பழைய போன் கனெக்ஷன் இன்னும் உயிரோட இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. போன் லைன்ல சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் ஓடும், மணி அடிக்கும்போது இன்னும் ஜாஸ்தி, அது லேப்டாப் போர்ட்டுக்குள்ள போகவே கூடாது. வெளியில இருந்து லைன் வர்ற இடத்துல கழட்டி விட்டுட்டு அப்புறம் தொடுங்க. நெட் சாக்கெட்டும் கரண்ட் ப்ளக்கும் ஒரே பெட்டிக்குள்ள இருந்தா மெயினை ஆஃப் பண்ணாம திறக்காதீங்க, பயமா இருந்தா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல.

சாக்கெட்டைக் கழட்டினதும் பின்னாடி எத்தனை கேபிள் வருதுன்னு எண்ணுங்க. ஒண்ணுதான்னா நல்லது, அது நேரா ஒரு பொது இடத்துக்குப் போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ரெண்டு கேபிள் ஒரே சாக்கெட்ல சேர்ந்திருந்தா அது ஒரு ரூம்ல இருந்து அடுத்த ரூமுக்கு சங்கிலி மாதிரி இழுத்தது, போனுக்கு அது ஓகே, ஈதர்நெட்டுக்கு, அதாவது ஒயர் வழியா போற நெட்டுக்கு, ஆகாது. ஈதர்நெட்ல ஒரு கேபிள்னா அதுக்கு ரெண்டே முனைதான். ரெண்டு கேபிளையும் பிரிச்சு தனித்தனி ஜாக்ல மாட்டி, அந்த ரூம்லயே ஒரு சின்ன 5 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் (பல நெட் கேபிள்களை ஒண்ணா இணைக்கற பெட்டி) வச்சு ரெண்டையும் அதுல சொருகிட்டா சங்கிலி அப்படியே வேலை செய்யும். அந்த ரூம்ல நெட்டே வேணாம்னா ரெண்டு ஜாக்கையும் ஒரு குட்டி பேட்ச் கார்டால (ரெண்டு முனையிலயும் ப்ளக் இருக்கற ரெடிமேட் கேபிள்) இணைச்சுட்டா போதும்.

இப்ப இன்னொரு முனை. மெயின் ஸ்விட்ச் போர்டு பக்கத்துல இருக்கற பெட்டி, பரண், மாடிப்படிக்கு அடியில, அலமாரிக்குப் பின்னாடி, டிவி மாட்டற இடம், ஃபைபர் உள்ள நுழையற இடம், இதையெல்லாம் தேடுங்க. சில சமயம் மூடி போட்ட வெறும் பெட்டின்னு நெனச்சுட்டு இருப்போம், திறந்தா உள்ள 6 கேபிள் சுருண்டு கிடக்கும். எது எந்த ரூமுக்குன்னு தெரியணும்னா டோனர்னு ஒரு கருவி இருக்கு, ஒரு முனையில மாட்டினா சத்தம் அனுப்பும், இன்னொரு பக்கம் குச்சி மாதிரி இருக்கறதை ஒவ்வொரு கேபிள் பக்கத்துலயும் கொண்டுபோனா சரியான கேபிள்ல கீச்சுனு கத்தும். முனையில ப்ளக்கோ ஜாக்கோ ஏற்கனவே இருந்தா சாதாரண கேபிள் டெஸ்டரே போதும், ரிமோட் துண்டை ரூம்ல சொருகிட்டு பெட்டியில ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க. கண்டுபிடிச்ச உடனே, அந்த நிமிஷமே, கேபிள்ல லேபிள் ஒட்டிடுங்க, அப்புறம் ஒட்டிக்கலாம்னு விட்டா திரும்ப மொதல்ல இருந்து தேட வேண்டி வரும்.

பெட்டியில முனைகள் மொட்டையா இருந்தா ஜாக் மாட்டணும். சுவத்துக்குள்ள போற கேபிள் கெட்டியான ஒத்தைக் கம்பி ஒயர், அதுல ப்ளக்கை கிரிம்ப் பண்றதை (அழுத்திப் பொருத்தறதை) விட கீஸ்டோன் ஜாக்கோ (சாக்கெட்டுக்குள்ள உக்கார்ற தனி ஜாக்) சின்ன பேட்ச் பேனலோ (பல ஜாக் வரிசையா இருக்கற பலகை) மாட்டி, அங்க இருந்து பேட்ச் கார்டு போடறதுதான் ரொம்ப நாள் நிக்கும், இதுல நான் ரொம்ப பிடிவாதமா இருப்பேன். ஒயரை வைக்கற கலர் வரிசைக்கு டி568ஏ, டி568பி-ன்னு ரெண்டு முறை இருக்கு. டி568பி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். டி568ஏ-ல ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும், அவ்வளவுதான் வித்தியாசம். எதைப் போட்டாலும் ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி இருக்கணும், அதனால ரூம் சாக்கெட்ல ஏற்கனவே என்ன போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு அதையே இங்கயும் போடுங்க. ஒரு விஷயம் கவனிங்க, கீஸ்டோன் ஜாக்ல பள்ளங்கள் 1ல இருந்து 8ன்னு வரிசையா இருக்காது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஜாக் பக்கவாட்டுல ஏ, பி ரெண்டுக்கும் கலர் ஒட்டியிருக்கும், அதைப் பாத்துதான் வைக்கணும், மனப்பாடமா வச்சா தப்பாயிடும். ஒயரை பன்ச் டவுன் டூலால அழுத்துங்க, அந்த டூல்ல வெட்டற பக்கம் வெளிப்பக்கம் பாத்து இருக்கணும், உள்பக்கம் இருந்தா நல்ல ஒயரையே வெட்டிடும். ஜோடி முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல பிரிக்காதீங்க, அந்த முறுக்குதான் பக்கத்து ஜோடியோட இரைச்சலைத் தடுக்குது. புதுசா கேபிள் வாங்க வேண்டி வந்தா முழுக்க காப்பர் இருக்கறதா பாருங்க, அலுமினியத்துக்கு மேல காப்பர் பூசினது சீக்கிரம் உடையும்.

அடுத்து டெஸ்டர் போடுங்க, 1ல இருந்து 8 வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே வரிசையில லைட் எரியணும். எங்க வீட்ல ஒரு ரூம்ல மட்டும் நெட் வந்துச்சு, ஆனா எவ்வளவு முயற்சி பண்ணாலும் 95 மெகாபிட்டுக்கு மேல ஸ்பீடு ஏறவே இல்ல, ரூட்டரை மாத்தினேன், பேட்ச் கார்டை மாத்தினேன், லேப்டாப் டிரைவரை திரும்ப போட்டேன், ரெண்டு நாள் இப்படியே போச்சு, கடைசியில சாக்கெட்டைக் கழட்டிப் பாத்தா பிரவுன் ஒயர் பள்ளத்துல சரியா இறங்காம மேலயே உக்காந்திருந்துச்சு. காரணம் இதுதான்: 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு 1, 2, 3, 6 பின்கள்ல வர்ற 2 ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு 4 ஜோடியும் வேணும், ஒரு ஒயர் போனாலும் பெரும்பாலும் சத்தமில்லாம 100க்கு இறங்கிடும். அதனால லிங்க் ஸ்பீடு 100ன்னு காட்டினா மொதல்ல சாக்கெட்டைக் கழட்டுங்க. அதே மாதிரி 8 லைட்டும் சரியா எரிஞ்சும் லிங்க் தடுமாறுதுன்னா ரெண்டு வேற வேற ஜோடியில இருந்து ஆளுக்கு ஒரு ஒயரை எடுத்து ஒரு ஜோடியா போட்டிருப்பாங்க, ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி தப்பு பண்ணியிருந்தா சாதா டெஸ்டர் அதைக் கண்டுபிடிக்காது, கலரைக் கண்ணால பாத்துதான் பிடிக்கணும்.

இனி எதை எங்க மாட்டறதுன்னு வரும், நிறைய பேர் குழம்பறது இங்கதான். ஃபைபர் மோடமும் ரூட்டரும் ஹால்ல இருக்குன்னா ஈஸி, ரூட்டரோட லேன் போர்ட்ல (வீட்டு டிவைஸ்களுக்கான போர்ட்) இருந்து ஹால் சுவர் சாக்கெட்டுக்கு ஒரு கார்டு, அது பெட்டிக்குப் போகும், பெட்டியில ஒரு சுவிட்ச், அந்த ஹால் கேபிளும் மிச்ச ரூம் கேபிளும் எல்லாம் அதுல. போர்ட் எண்ணும்போது ஹால்ல இருந்து வர்ற கேபிளுக்கும் ஒண்ணு போகும்னு ஞாபகம் வச்சு வாங்குங்க. மோடம் பெட்டிக்குள்ளயே இருந்தா ரூட்டரையும் அதுக்குப் பக்கத்துல வச்சு, ரூட்டர் லேன்ல இருந்து சுவிட்ச், சுவிட்ச்ல இருந்து ரூம்கள். பெட்டி இரும்பா இருந்தா உள்ள இருக்கற ரூட்டரோட வைஃபை வெளியவே வராது, அப்ப ஹால்ல ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா தர்ற பெட்டி) வைங்க. பழைய ரூட்டரே அதுக்குப் போதும், டிஹெச்சிபி-ய (டிவைஸ்களுக்கு ஐபி முகவரி கொடுக்கற வசதி) ஆஃப் பண்ணி, அதோட ஐபி-ய மெயின் ரூட்டரோட மோதாத மாதிரி மாத்தி, வேன் போர்ட்டை (வெளியில இருந்து இன்டர்நெட் வர்ற போர்ட்) விட்டுட்டு லேன் போர்ட்ல கேபிளை சொருகுங்க.

மோடம் பெட்டியில, ரூட்டர் ஹால்லதான் இருக்கணும்னா, ஹாலுக்கு 2 கேபிள் வேணும், ஒண்ணு மோடம்ல இருந்து ரூட்டரோட வேன் போர்ட்டுக்குப் போக, இன்னொண்ணு ரூட்டர் லேன்ல இருந்து பெட்டிக்குத் திரும்பி வர. ஒரே கேபிள்தான் இருக்குன்னா ரெண்டு பக்கமும் விலேன் (ஒரே கேபிள்ல ரெண்டு நெட்வொர்க்கைத் தனித்தனியா அனுப்பற முறை) போடத் தெரிஞ்ச மேனேஜ்டு சுவிட்ச் வேணும். எதைப் பண்ணக்கூடாதுன்னா, வெறும் மோடத்தை நேரா சுவிட்ச்ல சொருகி எல்லா ரூமையும் அதுலயே போடறது. அப்படிப் போட்டா ரூட்டர் நடுவுலயே இல்ல, பெரும்பாலும் ஒரே ஒரு டிவைஸுக்குத்தான் நெட் வரும், அதுவும் ஃபயர்வால் இல்லாம நேரா வெளி உலகத்தைப் பாத்துட்டு இருக்கும். இன்னொண்ணு, ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் தெரியாம ஒரே சுவிட்ச்ல சொருகிடாதீங்க, சாதா சுவிட்ச்ல அது சுத்திச் சுத்தி மொத்த வீட்டு நெட்டையும் முடக்கிடும்.

எங்க தேடியும் இன்னொரு முனை கிடைக்கல, சுவத்துக்குள்ளயே பூசி மூடிட்டாங்கன்னா, கரண்ட் ஒயர் வழியா நெட் அனுப்பற பவர்லைன் அடாப்டர் இருக்கு, டிவி கோஆக்ஸ் கேபிள் ஓடியிருந்தா அது வழியா நெட் அனுப்பற மோகா அடாப்டரும் இருக்கு. ரெண்டுல கோஆக்ஸ் இருந்தா நான் மோகா பக்கம்தான் சாய்வேன், மோகா 2.5 வெர்ஷன் நல்ல வேகம் தரும். பவர்லைன்ல டப்பா மேல போட்டிருக்கற நம்பரை நம்பாதீங்க, வீட்டு ஒயரிங்கைப் பொறுத்து அதுல கொஞ்சம்தான் கிடைக்கும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லயோ சர்ஜ் ப்ரொடெக்டர்லயோ போடாம நேரா சுவர் ப்ளக்ல போட்டாதான் அதுவும் உருப்படியா வரும்.

எல்லாம் மாட்டினதும் இன்டர்நெட் ஸ்பீடு டெஸ்ட்டை மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, அது உங்க பிளானோட வேகம். ரெண்டு கம்ப்யூட்டர்ல ஐபெர்ஃப்3-ங்கற நெட்வொர்க் வேகம் அளக்கற சாஃப்ட்வேரைப் போட்டு ரூமுக்கு ரூம் அனுப்பிப் பாருங்க, ஜிகாபிட் லிங்க்ல 940 மெகாபிட் பக்கம் வந்தா கேபிள் பக்கா. வந்ததும் பெட்டிக்குள்ள ஒரு போட்டோ எடுத்து, எந்த போர்ட் எந்த ரூம்னு ஒரு பேப்பர்ல எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிட்டு மூடுங்க.