பெயரை நம்பி கார்னெட் வாங்குவதில் நேரும் தவறுகள்

கார்னெட் என்றாலே சிவப்புக் கல் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அது ஒரே கல் அல்ல, ஒரே படிக அமைப்புள்ள கனிமங்களின் குடும்பம். பைரோப், அல்மண்டைன், ஸ்பெஸ்ஸார்டைன், குரோசுலார், ஆண்ட்ரடைட், உவரோவைட் என்ற ஆறும் முக்கியமான கனிமங்கள். ரோடோலைட், ஹெஸ்ஸோனைட், சாவோரைட், டிமண்டாய்ட் போன்றவை அந்த ஆறுக்குள் அடங்கும் வகைகளின் பெயர்கள். கனிமப் பெயரையும் வகைப் பெயரையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்ப்பதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது.

பச்சைக் கல்லில் இது விலையையே மாற்றிவிடும். சாவோரைட்டும் டிமண்டாய்டும் இரண்டுமே பச்சை கார்னெட். ஆனால் முன்னது குரோசுலார், பின்னது ஆண்ட்ரடைட். சாவோரைட்டின் ஒளிவிலகல் எண் (கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) சுமார் 1.74. டிமண்டாய்டுக்கு 1.88 வரை போகும். இந்த எண்ணை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் சாதாரணமாக 1.81 வரைதான் காட்டும் என்பதால் டிமண்டாய்டுக்கு அதில் அளவே கிடைக்காது. டிமண்டாய்ட் ஒளியை வண்ணங்களாகச் சிதறடிப்பதில் வைரத்தையே மிஞ்சும், ஆனால் சாவோரைட்டை விடச் சற்று மென்மையானது. உருப்பெருக்கியில் குதிரைவால் போல வளைந்து விரியும் நுண்ணிய இழைகள் தெரிந்தால் டிமண்டாய்ட் என்று தைரியமாகச் சொல்லலாம். அந்த இழைகள் இல்லை என்பதற்காக மட்டும் டிமண்டாய்ட் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. நமீபியக் கற்களில் பெரும்பாலும் அவை இருப்பதில்லை.

அடுத்தது ஆரஞ்சு. கோமேதகம் என்று நாம் சொல்லும் ஹெஸ்ஸோனைட் குரோசுலார் வகை. அதே நிறத்தில் வரும் ஸ்பெஸ்ஸார்டைன் தனிக் கனிமம். கண்ணை மட்டும் நம்பினால் இங்கே நிச்சயம் சறுக்கும். கோமேதகத்தின் உள்ளே பாகு கலக்கியதுபோல் ஒரு நெளிவு தெரியும், இது நல்ல அடையாளம். எடையும் உதவும்: கோமேதகத்தின் ஒப்படர்த்தி (அதே அளவு தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு எடை என்பது) சுமார் 3.65, ஸ்பெஸ்ஸார்டைனுக்கு 4.15 அளவில். கருவி எதுவும் இல்லையா? தண்ணீரில் மிதக்கும் தெர்மகோல் துண்டின்மேல் கல்லை வைத்து, பக்கத்தில் வலுவான நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மாங்கனீசு நிறைந்த ஸ்பெஸ்ஸார்டைன் நன்றாக இழுபடும். கோமேதகம் அந்த அளவுக்கு அசையாது. இது முதல் வடிகட்டல்தான், முடிவு ஆய்வகத்தில்.

சிவப்பில் வேறு மாதிரி தவறு நடக்கிறது. பைரோப்பா அல்மண்டைனா என்று ஒரே பதிலை எதிர்பார்க்கிறார்கள். இயற்கையில் இரண்டும் கலந்தே கிடைக்கும். ஊதா சாயலுள்ள ரோடோலைட் அப்படிப்பட்ட கலவைதான். ஆய்வறிக்கையில் 'பைரோப்-அல்மண்டைன்' என்று இருந்தால் கல்லில் குறை என்று எண்ண வேண்டாம், அதுதான் நேர்மையான பதில். ரோடோனைட், ரோடோகுரோசைட் என்று காதில் விழுந்தால் மட்டும் கவனம்: அவை கார்னெட்டே இல்லை.

பழைய வணிகப் பெயர்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 'கேப் ரூபி' மாணிக்கம் இல்லை, பைரோப். 'டிரான்ஸ்வால் ஜேட்' ஜேடு இல்லை, ஒருவகை குரோசுலார். டோபாசொலைட் புஷ்பராகம் இல்லை, மஞ்சள் ஆண்ட்ரடைட். மலாயா கார்னெட்டுக்கும் மலேசியாவுக்கும் சம்பந்தம் இல்லை; அது கிழக்கு ஆப்பிரிக்காவின் உம்பா பள்ளத்தாக்கில் தெரியவந்த பைரோப்-ஸ்பெஸ்ஸார்டைன் கலவை. 'ஹையசிந்த்' என்ற பெயர் கோமேதகத்துக்கும், கார்னெட் அல்லாத சிர்கான் என்ற வேறொரு கனிமத்துக்கும் வழங்கிவந்தது. அப்படி ஒரு கல் வந்தால் உருப்பெருக்கியில் பின்பக்கப் பட்டைகளின் விளிம்பைப் பாருங்கள். இரட்டையாகத் தெரிந்தால் அது சிர்கான். கார்னெட்டில் விளிம்பு ஒற்றையாகத்தான் தெரியும்.

அப்புறம், யாக் என்ற கல்லும் கார்னெட் என்ற பெயரோடு விற்பனைக்கு வரும். அது யிட்ரியமும் அலுமினியமும் சேர்த்து ஆய்வகத்தில் வளர்த்தது. அமைப்பு கார்னெட்டுடையதுதான், ஆனால் அதில் சிலிக்கன் கிடையாது. பச்சை யாக்கை சாவோரைட் என்று நினைத்து வாங்கிவிடாமல் இருக்க, 'இயற்கையானது' என்ற சொல்லை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.