இரண்டே பேர் போதும்: கிதாரும் மவுத் ஆர்கனும் வைத்துச் சிகாகோ ப்ளூஸ்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையில் சிகாகோ பாணி என்றதும் மின்கிதார், பாஸ், டிரம்ஸ், பியானோ என்று ஒரு பட்டாளமே நினைவுக்கு வரும். ஆனால் அந்நகரின் கிதார் கலைஞர் பட்டி கையும் (Buddy Guy) மவுத் ஆர்கன் கலைஞர் ஜூனியர் வெல்ஸும் 1981இல் பாரிஸில் அகௌஸ்டிக் கிதார், மவுத் ஆர்கன் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆல்பத்தையே பதிவு செய்தார்கள். அதில் இல்லாத டிரம்ஸை யாரும் தேடுவதில்லை. கிதாரில் ஈ7, ஏ7, பி7 கார்டுகளைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரும், மவுத் ஆர்கனில் ஒரு துளையைத் தனியாக ஒலிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் நீங்களும் தொடங்கலாம்.

1. கருவியும் சுருதியும்

மவுத் ஆர்கன் பத்துத் துளை டயடோனிக் வகையாக இருக்க வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் டிரெமலோ வகை சினிமாப் பாட்டுக்கு இனிமையாக இருக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடுகள் சேர்ந்து அதிர்வதால் ப்ளூஸுக்கு வேண்டிய வளைவு, அதாவது சுரத்தைச் சற்றே இறக்கி ஒலிப்பது, அதில் சரியாக வராது.

கிதார் 'ஈ'யில் என்றால் 'ஏ' மவுத் ஆர்கனை எடுக்க வேண்டும். 'ஜி'யில் என்றால் 'சி'. இதற்குக் கிராஸ் ஹார்ப் என்று பெயர். இப்படி எடுத்தால் பாட்டின் ஆதார சுரம் இரண்டாம் துளையில் மூச்சை உள்ளே இழுக்கும்போது கிடைக்கிறது. கீழ்த்துளைகளில் வளைந்து கொடுப்பவை இழுக்கும் சுரங்கள்தாம். ப்ளூஸின் அழுகையெல்லாம் அங்கேதான். கையில் 'சி' மட்டுமே இருந்தால் கிதாரின் மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போவை (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, 'ஈ' வடிவங்களையே வாசியுங்கள். ஒலிப்பது 'ஜி'யாகிவிடும்.

2. பன்னிரண்டு பார்

நான்கு பார் ஈ7, இரண்டு பார் ஏ7, மறுபடி இரண்டு பார் ஈ7. பிறகு பி7, ஏ7, ஈ7, பி7 ஒவ்வொன்றும் ஒரு பார். பாருக்கு நான்கு அடிகள். ஒவ்வோர் அடியையும் 'தகிட' என்று மூன்றாகப் பிரித்து, நடுவில் உள்ள 'கி'யை விழுங்கிவிடுங்கள். அதுதான் ஷஃபிள். மெட்ரோனோமை 80இல் வைத்தால் போதும். ப்ளூஸுக்கு அவசரம் ஆகாது.

கிதார்காரர் முழுக் கார்டை அடிக்க வேண்டாம். ஆறாம் தந்தியைத் திறந்தபடி விட்டு, ஐந்தாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்து, இரண்டு தந்திகளையும் சேர்த்து அடியுங்கள். அடுத்த அடிக்கு மோதிர விரல் நான்காம் ஃப்ரெட்டில் சேரட்டும். இப்படியே மாறி மாறி. ஏ7க்கு இதே வேலையை ஐந்தாம், நான்காம் தந்திகளில் செய்தால் சரி; பி7க்கு வழக்கமான பிடி. வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜை ஒட்டித் தந்திகளின்மேல் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தால் பாஸின் வேலையும் டிரம்ஸின் வேலையும் பாதி முடிந்தன.

3. மவுத் ஆர்கனுக்கு மூன்று இடங்கள்

ஈ7 ஒலிக்கும்போது இரண்டாம் துளையை இழுங்கள். ஏ7க்கு நான்காம் துளையை ஊதுங்கள். பி7க்கு அதே நான்காம் துளையை இழுங்கள். கருவி எந்தச் சுருதியானாலும் துளை எண்கள் மாறாது.

இரண்டாம் துளை ஆரம்பத்தில் தொண்டை அடைத்ததுபோல் ஒலிக்கும். கருவி பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். பலமாக உறிஞ்சுவதுதான் காரணம். தாடையைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மெல்ல மூச்சை உள்ளே இழுத்தால் சரியாகிவிடும்.

ஐந்தாம் பாரில் ஒரு கண்ணி இருக்கிறது. 'ஏ' கருவியில் மூன்றாம் துளையை இழுத்தால் வரும் ஜி ஷார்ப், ஈ7க்குப் பாந்தமாகப் பொருந்தும். கார்டு ஏ7ஆக மாறியதும், அதிலுள்ள ஜி சுரத்தோடு அது உரசும். இழுத்துக்கொண்டே வாயின் உட்புறத்தை 'இ' சொல்லும் வடிவிலிருந்து 'ஒ' சொல்லும் வடிவுக்கு மாற்றினால் சுரம் அரைப்படி இறங்கி ஜி ஆகும். அது கைவரச் சில வாரங்கள் பிடிக்கலாம். அதுவரை ஐந்தாம், ஆறாம் பார்களில் நான்காம் துளையை ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிகாகோவின் மவுத் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்டர் மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்துக் கைகளுக்குள் பொத்தி ஆம்ப்ளிஃபயர் வழியே எழுப்பிய தடித்த ஒலியை இதில் தேடாதீர்கள். இரு கைகளாலும் கருவியை மூடித் திறந்தால் வரும் 'வா–வா' போதும்.

4. யார் எப்போது பேசுவது

இருவர் வாசிப்பு பெரும்பாலும் கெடுவது இங்கேதான். ப்ளூஸ் பாட்டில் ஒரு வரியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வார்கள். வரிக்கு நான்கு பார். குரல் ஏறக்குறைய முதல் இரண்டு பாரில் முடிந்துவிடும். மீதி இரண்டு பார் மவுத் ஆர்கனுடையது. குரல் ஒலிக்கும்போது வாயிலிருந்து கருவியை எடுத்தே விடுங்கள். டிரம்ஸ் இல்லாத வெறுமையை நிரப்பியே தீர வேண்டும் என்ற பதற்றத்தில்தான் புதியவர்கள் ஓயாமல் ஊதுகிறார்கள்.

கிதார் தனியாவர்த்தனம் எடுக்கும்போது மட்டும் மவுத் ஆர்கன் தாளத்துக்கு இறங்கலாம். ஈ7 வரும் பார்களில் ஒன்று, இரண்டு, மூன்றாம் துளைகளைச் சேர்த்து, இரண்டாம், நான்காம் அடிகளில் 'தக்' என்று வெட்டி இழுங்கள்.

5. ஒரு பாடலை இருவருக்கு மாற்றுதல்

வில்லி டிக்சன் எழுதி, சிகாகோ பாடகர் மடி வாட்டர்ஸ் 1954இல் பதிவு செய்த 'ஹூச்சி கூச்சி மேன்' நல்ல தேர்வு. இது பதினாறு பார். முதல் எட்டிலும் கார்டு மாறாது: ஒரு குறுந்துணுக்கை எல்லாரும் சேர்ந்து அடித்துவிட்டு நிறுத்த, அந்த இடைவெளியில் குரல் வரும். மீதி எட்டும் பன்னிரண்டு பாரின் கடைசி எட்டைப் போலவே நகரும்.

அந்தத் துணுக்கைக் கிதாரின் தடித்த தந்திகளிலும் மவுத் ஆர்கனின் கீழ்த்துளைகளிலும் ஒன்றாக வாசியுங்கள். பிறகு தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி ஒலியை அறுத்துவிடுங்கள். காலால் மட்டும் அடியை எண்ணுங்கள். இழுபட்டு நிற்கும் ஒரு தந்தி ஒலி போதும், மொத்த மிடுக்கும் போய்விடும். இந்த எட்டு பாரை மட்டும் தனியே பலமுறை ஒத்திகை பாருங்கள்; மீதி தானாக ஓடும்.

6. முடிப்பு

கடைசிச் சுற்றின் பன்னிரண்டாம் பாரில் (ஹூச்சி கூச்சியில் பதினாறாம் பாரில்) பி7க்குப் போகாதீர்கள். எஃப்7ஐ ஒரே ஒரு முறை அடித்து, அரைப்படி கீழிறங்கி ஈ7இல் நில்லுங்கள். மவுத் ஆர்கன்காரர் அப்போது கிதார்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஈ7 விழும் அதே கணத்தில் இரண்டாம் துளையை இழுத்து, கிதார் ஒலி அடங்கும்வரை பிடித்திருக்கலாம்.