தைராய்டு ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தரும் தைராய்டு ரிப்போர்ட்டில் பெரும்பாலும் மூன்று வரிகள்தாம் இருக்கும்: டி3, டி4, டி.எஸ்.எச். அவற்றுள் ஒன்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால், கோபியிலோ தாராபுரத்திலோ அதை வாங்குபவர் கவுன்டரிலேயே, "ஏனுங்க, தைராய்டு ஏறிப்போச்சுங்களா?" என்று கேட்டுவிடுவார். பெரும்பாலானவர்களுக்கு ஏறியிருப்பது டி.எஸ்.எச். மட்டுமே, அது ஏறினால் தைராய்டின் சுரப்பு போதவில்லை என்று பொருள். இந்தத் தலைகீழ்க் கணக்கு பிடிபட்டுவிட்டால் ரிப்போர்ட்டில் பாதி விளங்கிவிடும்.

எந்தச் சுரப்பி எதைச் சுரக்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கழுத்தின் முன்புறம் இருக்கும் தைராய்டு சுரப்பது டி4-உம் சிறிதளவு டி3-உம். டி.எஸ்.எச். அங்கே சுரப்பதில்லை; மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் ஹார்மோன் அது. பனியன் கம்பெனியில் தையல் லைன் மந்தமானால் சூப்பர்வைசரின் குரல் உயரும், வேலை மிஞ்சி நடந்தால் அவர் பேசாமல் இருந்துவிடுவார். பிட்யூட்டரியின் போக்கும் அப்படித்தான்.

ஆகவே முதலில் டி.எஸ்.எச். அளவைப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு என்று பல நிலையங்கள் குறிப்பிடுகின்றன. ஆனால் கருவிக்குக் கருவி எல்லை சற்று மாறும் என்பதால், உங்கள் தாளில் அச்சாகியுள்ள எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும். அடுத்து டி4-ஐப் பாருங்கள். டி.எஸ்.எச். கூடி டி4 குறைந்திருந்தால் அது ஹைப்போதைராய்டிசம், அதாவது தைராய்டு சுரப்புக் குறைவு: சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, தோல் வறட்சி, மாதவிடாயில் மிகுந்த போக்கு ஆகியவை இதனால் வரலாம். டி.எஸ்.எச். குறைந்து டி4 அல்லது டி3 கூடியிருந்தால் ஹைப்பர்தைராய்டிசம், அதாவது தைராய்டு மிஞ்சிச் சுரத்தல்: படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குதல். டி.எஸ்.எச்., டி4 இரண்டுமே குறைந்திருந்தால் கோளாறு பிட்யூட்டரியில் இருக்கலாம். அரிதான நிலைதான் என்றாலும் இதை டி.எஸ்.எச். மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது.

டி.எஸ்.எச். எல்லையைச் சற்றே தாண்டி 6 அல்லது 7 என்று இருக்க, டி4 இயல்பாக இருக்கும் நிலையைச் சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம் என்பார்கள். குழப்பமும் அவசரமும் மிகுதியாக நேர்வது இங்கேதான். கர்ப்பிணி அல்லாத பெரியவர்களுக்கு இந்த நிலையில் உடனே மாத்திரை தொடங்காமல், இரண்டு மூன்று மாதம் கழித்து ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4), ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்) ஆகியவற்றோடு மறுபடியும் பார்ப்பதே பொதுவான முறை. பலருக்கு அளவு தானாகவே இறங்கிவிடும். 10-ஐத் தாண்டினால் மருத்துவர் பெரும்பாலும் சிகிச்சையைத் தொடங்குவார். ஆன்டி டி.பி.ஓ. கூடியிருந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறது என்பதற்கு அது அறிகுறி. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த நோய் இது. அயோடின் உப்பு பரவலாகக் கிடைக்கும் இக்காலத்தில் ஹைப்போவுக்கு முதன்மைக் காரணமும் இதுவே. அதனால் உப்பைக் கூட்டுவதால் இது சரியாகாது. முட்டைக்கோஸை அறவே ஒதுக்கவும் வேண்டியதில்லை, வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம்.

ரத்தம் கொடுக்கப் போகும்போது வெறும் வயிறு கட்டாயமில்லை. டி.எஸ்.எச். நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையத்தில், ஏறக்குறைய ஒரே வேளையில் கொடுப்பது நல்லது. அன்றைய தைராக்ஸின் (டி4) மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். முடி உதிர்வுக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லையேல் ஹைப்பர் இருப்பதுபோல் பொய்யான முடிவு வரக்கூடும்.

தைராக்ஸின் சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்காமல் இருப்பதற்கு மாத்திரையைச் சாப்பிடும் முறையே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபிகூடக் குடிக்கக் கூடாது. ராகிக் களியும் பாலும் சுண்ணாம்புச் சத்து மிக்கவை. அவற்றையும் அந்த இடைவெளிக்குப் பிறகே சாப்பிட வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி தேவை. திருப்பூரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களைப்போல் காலை ஒழுங்கு அமையாதவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கடைசி உணவுக்கு மூன்று மணி நேரத்துக்குப் பின் படுக்கும்போது சாப்பிடலாம். குப்பியை அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள்; வெப்பமும் ஈரமும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். தைராக்ஸினின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆவதால், டோஸ் மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், பத்தாம் நாளே பார்ப்பது வீண் செலவு.

மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், ஸ்கேன் வரை காத்திராமல் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் டோஸ் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சி முதல் மாதங்களில் தாயின் தைராக்ஸினையே நம்பியிருக்கிறது. பிறந்த குழந்தைக்கும் முதல் சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

  

ஹைப்பருக்குக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல், கார்பிமசோலை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் சென்று ரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும்.