'சைட்' என்று முடியும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

பெஸ்டிசைட், ஹோமிசைட், ஜெனோசைட் மாதிரி சி, ஐ, டி, இ என்ற நாலு எழுத்தில் முடியும் சொல் வந்தால் உடனே அகராதியைத் தேட வேண்டாம். அந்த நாலு எழுத்தை வெட்டிவிட்டு முன்னால் இருப்பதைப் பாருங்கள், எது சாகிறது என்று அதுவே சொல்லிவிடும். ஹெர்பா என்றால் லத்தீனில் செடி, ஆக ஹெர்பிசைட் களைக்கொல்லி. ஃபங்கஸ் பூஞ்சை, ஆக ஃபங்கிசைட் பூஞ்சைக்கொல்லி. ரெக்ஸ் அரசன், மாட்டர் தாய், ஃப்ராட்டர் சகோதரன் என்று தெரிந்தால் ரெஜிசைட், மாட்ரிசைட், ஃப்ராட்ரிசைட் மூன்றும் புரிந்துவிடும்.

இதன் வேர் கைதேரே என்ற லத்தீன் வினை. வெட்டுதல், கொல்லுதல் என்று பொருள். அதிலிருந்து கொல்பவரைக் குறிக்க '-கீதா', கொலையைக் குறிக்க '-கீதியும்' என்று இரண்டு விகுதிகள் இருந்தன, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு இங்கேதான் குழப்பம் வரும், நமக்கு வர வேண்டியதில்லை, ஏனென்றால் தமிழில் 'கொல்லி' வேறு, 'கொலை' வேறு. எனவே சொல்லைப் பிரித்ததும் இரண்டையும் ஒட்டிப் பாருங்கள். இன்செக்டிசைட் பூச்சிக்கொல்லி, ஜெனோசைட் இனப்படுகொலை. ரெஜிசைட் இரண்டுமே ஆகும்: 1649இல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய செயலும் ரெஜிசைட், அவருக்கு மரண தண்டனை விதித்தவர்களும் ரெஜிசைட்.

ஜெனோசைட் பழைய சொல் இல்லை. போலந்து யூத சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் கிரேக்க 'கெனோஸ்' (இனம்) என்பதோடு இந்த லத்தீன் விகுதியைச் சேர்த்து உருவாக்கியது, 1944இல் அச்சில் வந்தது, 1948இல் ஐ.நா. உடன்படிக்கையின் பெயரிலேயே இடம்பிடித்தது. ஒரு சொல் அச்சிலிருந்து ஐ.நா. உடன்படிக்கைக்குப் போக நாலே வருடம்!

அப்புறம், மருந்து லேபிள்களில் 'சைடல்' என்று இருந்தால் கிருமியைக் கொல்லும், 'ஸ்டாட்டிக்' என்று இருந்தால் பெருகவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். பெஸ்டிசைட் என்பது பொதுப்பெயர், களைக்கொல்லியும் அதற்குள் அடங்கும். அதனால் பூச்சிக்கு வாங்குபவர்கள் இன்செக்டிசைட் என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், மாற்றி அடித்தால் பயிரே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: டிசைட் (முடிவு செய்தல்) இதே வேர்தான், 'வெட்டித் தீர்ப்பது' என்ற பொருளில் வந்தது. ஆனால் கோயின்சைட் (ஒரே நேரத்தில் நிகழ்தல்) இதில் சேராது, அது 'விழுதல்' என்ற பொருள் கொண்ட காதேரேயிலிருந்து வந்தது. ஆக்சிடென்ட்டும் அந்தக் குடும்பம்தான்.