வீட்டில் கேள்வி கேட்பது எப்படி: ஒரு தமிழம்மாவின் குறிப்புகள்

31 வருடம் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தேன். வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று பாடம் வரும்போது பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். எனக்கும்தான். விரல் விட்டு எண்ணி மனப்பாடம் செய்ய வைத்து, பரீட்சைக்குத் தேற்றிவிட்டதோடு சரி. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்து வைத்தது நம் வீட்டுக் கூடத்தில் தினமும் நடக்கிற கூத்து என்று புரிந்தது. அவர் சமணத் துறவி, குடும்பம் கிடையாது. அதனால்தான் இவ்வளவு தெளிவாகப் பார்த்தாரோ என்னவோ.

முதல் வேலையாக, ஒரே ஒரு நாள், நீங்கள் வீட்டில் கேட்கும் கேள்விகளை எண்ணுங்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். கேட்கக் கேட்க ஒரு கோடு. நான் எண்ணிய அன்று ராத்திரிக்குள் 43 கோடு. பாதிக்கு மேல் ஏவல் வினா. "பல் தேய்ச்சாச்சா?" "இன்னும் குளிக்கலையா?" கேள்விக்குறி போட்ட கட்டளைகள். அடுத்து ஐய வினா: "இவ்வளவு நேரம் போன்ல யாரு, உங்க தங்கச்சியா, பேங்க்காரனா?" எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகவே கேட்டது, அதாவது அறியா வினா, அன்றைக்கு ஒன்றே ஒன்று. சிலிண்டர் எப்போது புக் செய்தோம் என்று கணவரிடம் கேட்டது.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஒரு நாளைக்கு ஒரு அறியா வினா, வீட்டில் யாராவது ஒருவரிடம். சிலிண்டர் கணக்கில் சேராது.

இதற்கு முதல் எதிரி அறி வினா. விடை தெரிந்துகொண்டே கேட்பது. வகுப்பறையில் வாத்தியாருக்கு அதுதான் தொழில். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையே போதும். மகன் ஒன்பதாவது படித்தான், நான் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடத்தில். அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் 34. ஸ்டாஃப் ரூமில் மத்தியானமே எனக்குச் செய்தி வந்துவிட்டது. சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டே, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "கணக்குப் பேப்பர் குடுத்தாங்களாப்பா?" என்றேன். "இன்னும் குடுக்கலம்மா." மூன்று நாள் கேட்டேன், மூன்று நாளும் அதே பதில். நான்காம் நாள் பொய் சொன்னதற்காக அடித்தேன். அந்தப் பொய்யை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததே நான்தான். இன்று அவனுக்கு 36 வயது. இப்போதும் நான் எது கேட்டாலும், அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்குமோ என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறான்.

தெரிந்ததை முதலில் சொல்லிவிடுங்கள். "கணக்கு சார் சொன்னாரு, 34ன்னு. எந்த இடத்துல மாட்டிக்கிட்ட?" முதல் வாக்கியம் செய்தி, இரண்டாவதுதான் கேள்வி. கணவரோ மருமகளோ, யாராக இருந்தாலும் இதே வரிசை. "ஏன் இப்படிப் பண்ணின?" என்பதைக் கூடுமானவரை தள்ளி வையுங்கள். நம் ஊரில் அந்த 'ஏன்' கேள்வி இல்லை, திட்டின் முதல் சொல். "எப்படி ஆச்சு?" என்று மாற்றிப் பாருங்கள். அதே விஷயம்தான், ஆனால் பதில் வரும்.

சின்னப் பிள்ளைகளிடம் கேள்வியும் சின்னதாக இருக்க வேண்டும். பேத்திக்கு 7 வயது. "பள்ளிக்கூடத்துல இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல". ஒரு நாள் முழுவதையும் ஒரு வாக்கியத்தில் சுருக்கச் சொன்னால் அது என்ன செய்யும், பாவம். "சாப்பிடும்போது உன் பக்கத்துல யாரு உக்காந்தா?" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தவள் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தில் ஆரம்பித்து, அவளோடு ஏன் டூ விட்டாள் என்பது வரை இருபது நிமிடம் ஓடியது. முகத்துக்கு நேராக உட்கார வைத்தும் கேட்காதீர்கள், அது விசாரணை. பூண்டு உரிக்கும்போது, கொடியில் துணி எடுக்கும்போது, ஸ்கூட்டரில் போகும்போது கேளுங்கள். கேட்ட பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நான் மூன்று எண்ணுவதற்குள் பதிலையும் நானே சொல்லிவிடுகிற ரகம். ஆகவே இதைச் சொல்ல எனக்கு அவ்வளவாகத் தகுதியில்லை.

பிறர் நம்மைக் கேட்பதற்கு வருவோம். கொளல் வினா என்றால் ஒன்றைப் பெறுவதற்காகக் கேட்பது. பாடத்தில் கடைக்காரரிடம் பருப்பு இருக்கிறதா என்று கேட்பது உதாரணமாக வரும். "அப்பத்தா, வேலையா இருக்கியா?" என்று பேத்தி கேட்கிறாளே, அதுவும் அதே வகை. அவளுக்கு வேண்டியது என்னுடைய ஐந்து நிமிடம். அம்மா போனில் கேட்கும் "சாப்பிட்டியா?" கொடை வினா; இல்லை என்றால் போன் வழியாகவே ஊட்டிவிடுவாள். கேட்கிறவர் வாங்க வந்தாரா கொடுக்க வந்தாரா என்று பார்த்துவிட்டுப் பதில் சொன்னால் பாதிச் சண்டை குறையும்.

விடை எட்டில் சுட்டு (இதோ என்று காட்டுவது), மறை (இல்லை என்பது), நேர் (ஆமாம் என்பது) மூன்றும் வெளிப்படை. மீதி ஐந்தும் சுற்றுவழி. வீட்டில் புழங்குவதெல்லாம் அந்த ஐந்துதான். "கரண்ட் பில் கட்டிட்டீங்களா?" என்றால் என் கணவர், "நாளைக்குத்தானே கடைசி நாள்?" என்பார். வினா எதிர் வினாதல். "மாத்திரை போட்டியாம்மா?" என்றால் அம்மா, "வாயெல்லாம் கசக்கு" என்பாள். உற்றது உரைத்தல். போடவில்லை என்று அர்த்தம். இதற்கு நேரடிப் பதில் கேட்டு மல்லுக்கட்டாமல், கசக்கிற வாய்க்கு ஒரு துண்டு வெல்லம் எடுத்து நீட்டினால் மாத்திரை உள்ளே போய்விடும்.

பிள்ளைகள் கேட்டால் மட்டும் சுற்றுவழி வேண்டாம். போன வருடம் மகனுக்கு ஓசூரில் வேலை போயிற்று. பேத்தி, "அப்பா ஏன் வேலைக்குப் போகல?" என்று கேட்டாள். வீட்டில் எல்லாரும் ஒரே குரலில், "போய் ஹோம்வொர்க் பண்ணு." கேட்டவரையே செய்யச் சொல்வது ஏவல் விடை; இலக்கணப்படி அதற்கு இது சரியான உதாரணம் இல்லை, ஆனால் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ராத்திரி நான் சொன்னேன்: "கம்பெனியில ஆளைக் குறைச்சுட்டாங்க. அப்பா வேற வேலை தேடுறான். இந்த வருஷ ஃபீஸ் கட்டியாச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப டான்ஸ் கிளாஸ்?" என்றாள். அவள் முதலிலிருந்து கேட்க நினைத்தது அதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்று கிழமை வைத்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு எழுப்பிவிட்டாள். தெரியாது என்று சொல்லலாம், தப்பில்லை. கிழமை சொன்னால் காப்பாற்ற வேண்டும்.

கடைசியாக, பெரியவர்கள். அம்மாவுக்கு 82. "அந்தக் காலத்துல எப்படிம்மா இருந்துச்சு?" என்று பல தடவை கேட்டிருக்கிறேன். "நல்லாத்தான் இருந்துச்சு." முடிந்தது. வயதானவர்களிடம் வெறும் கையோடு கேட்காதீர்கள், ஒரு பொருளோடு போங்கள். போன தையில் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பித்தளைப் படி அகப்பட்டது. புளி போட்டுத் தேய்த்து மடியில் வைத்து, "இதுல கடைசியா என்னம்மா அளந்த?" என்றேன்.

"கேப்பை" என்றாள். அரிசிக்குத் தட்டுப்பாடாக இருந்த காலம். அரிசி கிடைத்த அன்று அப்பாவுக்கும் எனக்கும் சோறு, அவளுக்குக் கேப்பைக் களி. அப்புறம் 1967 தேர்தல். 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று தி.மு.க. மேடை போட்டுப் பேசியது. எங்கள் ஊர் விருதுநகர். காமராசர் 1,285 ஓட்டில் தோற்ற தொகுதி. அப்பா காமராசர் என்றால் உயிரை விடுகிறவர். முடிவு வந்த அன்று வீட்டில் உலை வைக்க விடவில்லையாம்.

"நான் யாருக்குப் போட்டேன்னு உங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது" என்று படியைத் தடவினாள்.

எனக்கும் தெரியாது. அசல் அறியா வினா. பூண்டு உரித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "யாருக்கும்மா போட்ட?" மனதுக்குள் பத்து எண்ணினேன். ஏழு வரை போனேன்.

"ஏன்டி, காப்பி போட்டாச்சா?"

எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன்.