எம்கியூ ரெண்டாவது சர்வர்ல எழும்பாத கதை

ஆபீஸ் சிங்கப்பூர் சாங்கி பிசினஸ் பார்க்ல. சனிக்கிழமை ராத்திரி ரெண்டு லினக்ஸ் சர்வர்ல ஐபிஎம் எம்கியூ (புரோகிராம்களுக்கு நடுவுல மெசேஜ் கடத்துற சாஃப்ட்வேர்) போட்டோம், ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு எடுத்துக்கணும், டேட்டா ரெண்டுக்கும் பொதுவா, நெட்வொர்க் வழியா ஃபைல் பகிர்ற என்எஃப்எஸ் 4ல (பழைய 3 வேலைக்காகாது, சர்வர் செத்தா ஃபைல் மேல போட்ட பூட்டைத் தானா விடாது). முதல் சர்வர் ஜோரா ஓடுச்சு, ரெண்டாவது பெர்மிஷன் இல்லன்னு ஒரே அடம். ஃபயர்வால்ல எம்கியூவோட 1414 போர்ட்டை நோண்டியே ரெண்டு மணி நேரம் போச்சு, எதுக்கெடுத்தாலும் ஃபயர்வாலைத் திட்டுறது நம்ம பழக்கமாச்சே.

"தம்பி, யூஸர் நம்பர் பாத்தியா"ன்னு கூட இருந்த அண்ணன் கேட்டாரு. பாத்தா எம்கியூவை ஓட்டுற எம்கியூஎம் யூஸர் ஒண்ணுல 1001, இன்னொண்ணுல 1003! நாம முன்னாடியே உருவாக்கலன்னா இன்ஸ்டாலரே காலியா இருக்கிற நம்பர்ல உருவாக்கிடும், எங்க என்எஃப்எஸ் ஷேருக்கோ பேரு முக்கியமில்ல, நம்பர்தான். இன்ஸ்டால் பண்ண ஃபைல்களுக்கு ஓனரை மாத்தலாம்னா செட்யூஐடி பிட் (புரோகிராமை அதோட ஓனர் உரிமையில ஓட வைக்கிற குறி) போயிடும், அதனால ரெண்டாவதுல மொத்தமா கழட்டி, பழைய யூஸரையும் அழிச்சு, குரூப்பும் யூஸரும் அதே நம்பர்ல முதல்ல உருவாக்கிட்டு திரும்பப் போட்டேன்.

சர்வர் செட்டிங் சரியான்னு பாக்கிற எம்கியூகான்ஃபிக் ஓட்டுனா ஓப்பன் ஃபைல் லிமிட் 10240க்குக் கீழன்னு இன்னொரு குட்டு, அதையும் ஏத்தினேன். நாலு மணிக்கு ஸ்விட்ச் பண்ணோம், மாறிடுச்சு. முதல் எம்ஆர்டி ரயிலுக்கு நேரம் இருந்துச்சு, கோப்பி ஓ (பால் இல்லாத காபி) குடிக்கப் போனோம்.